இலையில் தெரியும் வயல்: கும்பகோணத்திலிருந்து நாகர்கோவில் வரை

‘எந்த ரகம் போட்டால் நல்ல விலை கிடைக்கும்?’ வேளாண் அலுவலராக நான் வேலை பார்த்த எல்லா ஊர்களிலும் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். நமது இதழின் கேள்வி-பதில் பகுதியிலும் ஏதாவது ஒரு வடிவத்தில் இது வந்துகொண்டேதான் இருக்கிறது. மண் எப்படி, தண்ணீர் எவ்வளவு, என்ன பட்டம் என்று கேட்டுவிட்டு ரகத்தைச் சொல்வது எங்கள் வழக்கம். நான் கூடவே இன்னொன்றும் சொல்வதுண்டு. “உங்க ஊர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற சாப்பாட்டுக் கடைக்கு ஒரு வேளை போங்க. சாப்பிட்டு முடிச்சதும், பின்பக்கம் என்னென்ன மூட்டை கிடக்குதுன்னு பாத்துட்டு வாங்க.”

முதலில் சிரிப்பார்கள். போய் வந்தவர்கள் பிறகு சிரிப்பதில்லை.

எனக்கு இந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம் உண்டு. வேலை நிமித்தமாக டெல்டா, மதுரைப் பக்கம், கரிசல் காடு, நெல்லை, குமரி என்று மாறி மாறிப் போனேன். குடும்பம் ஓரிடத்தில், நான் ஓரிடத்தில். நான் சைவம். வாடகை அறையில் ஒற்றை அடுப்பில் நானே பொங்கிக்கொள்வேன். முடியாத நாளில் ஏதாவது ஒரு மெஸ். இதைப் படிக்கும் உங்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பவர்கள். அதில் நான் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் காய்கறியும் பருப்பும் மட்டுமே தின்கிறவனுக்கு ஒரு வசதி இருக்கிறது. இலையில் விழுகிற ஒவ்வொன்றும் எந்த வயலிலிருந்து வந்தது என்று யோசிக்கத் தோன்றும். அப்படி யோசித்துக்கொண்டே சாப்பிட்ட ஐந்து ஊர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அறையில் இருந்த புத்தகம்

ஊர் மாறும்போதெல்லாம் என் பெட்டியில் பயிர்ப் பாதுகாப்புக் கையேட்டோடு ஒரு சமையல் புத்தகமும் போகும். எஸ்.மீனாட்சி அம்மாள் எழுதிய ‘சமைத்துப் பார்’. 1951-ல் முதலில் வெளிவந்த புத்தகம். தமிழ்நாட்டில் பல வீடுகளில் கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குப் பாத்திரத்தோடு சேர்த்துக் கொடுத்தனுப்பப்பட்டது. பின்னாளில் மல்லிகா பத்ரிநாத், ரேவதி சண்முகம் போன்றவர்களின் புத்தகங்களும் சேர்ந்தன. நான் கதைப் புத்தகம் படிக்கிற மாதிரி சமையல் புத்தகம் படிப்பவன். சமைக்கப் போவதில்லை என்றாலும் படிப்பேன்.

பழைய சமையல் புத்தகத்தில் என்னை முதலில் பிடித்து நிறுத்தியது அளவுகள்தான். ஆழாக்கு, பலம், ரூபாய் எடை. நம் வீட்டுப் பெரியவர்கள் நெல் அளந்த அதே கணக்கு. 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி. ஆக, படிக்கு 8 ஆழாக்கு. ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம். 40 பலம் ஒரு வீசை, அதாவது சுமார் 1,400 கிராம். மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் 1956-ல்தான் வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட சமையல் குறிப்பைச் செய்து பார்க்க வேண்டுமானால், இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். களத்து மேட்டில் படியால் அளந்த கையும், அடுப்படியில் ஆழாக்கால் அளந்த கையும் அன்று ஒரே வீட்டில் இருந்தன. இன்று விளைவிக்கிறவர் மூட்டையில் கணக்குப் பார்க்கிறார், சமைக்கிறவர் பாக்கெட்டில் கணக்குப் பார்க்கிறார். நடுவில் என்ன நடக்கிறது என்பது இருவருக்குமே தெரிவதில்லை.

அதைத் தெரிந்துகொள்ள நல்ல இடம் சின்னச் சாப்பாட்டுக் கடை. பெரிய ஹோட்டலில் சமையலறைக்குள் விட மாட்டார்கள். ஆறு மேசை போட்ட மெஸ்ஸில் முதலாளிதான் பரிமாறுகிறார், அவர் வீட்டம்மாதான் அடுப்படியில் நிற்கிறார். பேச்சுக் கொடுத்தால் எல்லாம் சொல்வார்கள்.

கும்பகோணம்: கடப்பாவும் உளுந்தும்

கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி வட்டாரத்தில் இட்லிக்கும் தோசைக்கும் கடப்பா என்று ஒன்று ஊற்றுவார்கள். வெளியூர்க்காரர்கள் குருமா என்று நினைத்துக்கொள்வார்கள். குருமா வேறு, இது வேறு. வீட்டில் செய்து பார்ப்பது எளிது. பாசிப்பருப்பை ஒரு கைப்பிடி குழைய வேகவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு உருளைக்கிழங்கை அவித்து, கையால் பாதியாக மசித்து வையுங்கள். தேங்காய், பொட்டுக்கடலை, பச்சை மிளகாய், சோம்பு, கசகசா, இரண்டு பல் பூண்டு சேர்த்து அரையுங்கள். எண்ணெயில் பட்டை, கிராம்பு தாளித்து, வெங்காயம் வதக்கி, பருப்பையும் கிழங்கையும் சேர்த்து, தண்ணீர் விட்டுக் கொதித்ததும் அரைத்ததைச் சேர்த்தால் முடிந்தது. மஞ்சளாக, லேசாகக் கெட்டியாக இருக்கும். இறக்கும்போது எலுமிச்சை பிழிவது அவரவர் விருப்பம்.

கடப்பா எவ்வளவு ருசியாக இருந்தாலும், அதற்குக் கீழே இருக்கும் இட்லிதான் கடையைக் காப்பாற்றுகிறது. இட்லி சரியாக வருவதற்குக் குண்டு அரிசி வேண்டும். ஆடுதுறை 37 அதற்குப் பேர்போன ரகம். 105 நாளில் வரும், குட்டையான பருத்த அரிசி. அந்த ரகம் உருவான ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது; 1922-ல் தொடங்கப்பட்டது. ஆக, அரிசி ஊரிலேயே இருக்கிறது. உளுந்து?

நான் அடிக்கடி சாப்பிட்ட மெஸ்ஸின் அக்காவிடம் கேட்டேன்.

“நம்ம பக்கத்து உளுந்து வந்தா மாவு பொங்கி வழியும் சார். ரெண்டு கை உளுந்தக் கொறைச்சே போடலாம். ஆனா பங்குனி, சித்திரையிலதான் கெடைக்குது. அப்புறம் வருசம் பூரா கடையில குடுக்குற உளுந்துதான். பர்மா உளுந்துங்கறாங்க, என்னத்தையோ சொல்றாங்க.”

அக்கா சொன்னது சரிதான். நம் நாட்டுக்குள் இறக்குமதியாகும் உளுந்தில் பெரும்பகுதி மியான்மரிலிருந்துதான் வருகிறது. டெல்டாவிலோ, நெல் தரிசில் உளுந்து போடுவது தாத்தா காலத்துப் பழக்கம். சம்பா, தாளடி அறுவடைக்கு 7 முதல் 10 நாளுக்கு முன், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதையைத் தெளித்துவிடுவார்கள். உழவு இல்லை, பாசனம் இல்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலுமே வளர்ந்து, 70-75 நாளில் கைக்கு வந்துவிடும். நெல்லில் வந்த பணம் கடனுக்குப் போனாலும், உளுந்தில் வந்த பணம் வீட்டுக்கு நிற்கும் என்பார்கள்.

இந்த வழக்கம் இன்று பல கிராமங்களில் தேய்ந்து வருகிறது. அறுவடை தள்ளிப்போனால் ஈரம் காய்ந்துவிடுகிறது. அறுவடை இயந்திரத்தின் சக்கரம் ஏறிய இடத்தில் முளைத்த உளுந்து நசுங்கிப்போகிறது. ஒருவர் போட்டு, பக்கத்து வயல்காரர் போடாவிட்டால், மாடு மேய்ந்துவிடுகிறது. ‘எதுக்கு வம்பு’ என்று நிலத்தைச் சும்மா போட்டுவிடுகிறார்கள்.

இங்கேதான் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். என் வீட்டு அளவில் ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ வெள்ளை உளுந்து. சுமார் 50 இட்லி வரும். தரிசில் ஏக்கருக்கு 200 கிலோ உளுந்து விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். தோல் நீக்கினால் சுமார் 140 கிலோ பருப்பு நிற்கும். கால் கிலோவுக்கு 50 இட்லி என்றால், ஒரு ஏக்கர் உளுந்து 28,000 இட்லிக்கு ஆகும். திருப்பிப் போடுங்கள். ஏக்கருக்கு 2,400 கிலோ நெல், அதில் 65 சதவிகிதம் அரிசி என்றால் 1,560 கிலோ அரிசி. அவ்வளவையும் இட்லியாக்க 390 கிலோ பருப்பு, அதாவது ஏறக்குறைய 560 கிலோ உளுந்து வேண்டும். அது கிட்டத்தட்ட 3 ஏக்கர் தரிசு உளுந்து. ஒரு ஏக்கர் நெல்லுக்கு 3 ஏக்கர் உளுந்து தேவைப்படும் ஊரில், உளுந்து நிலத்தைச் சும்மா போடுகிறோம்.

தெளிக்கிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. நெல் தரிசுக்கு ஆடுதுறை 3, ஆடுதுறை 6 போன்ற ரகங்கள் இருக்கின்றன. பூக்கும்போது ஒரு முறை, 15 நாள் கழித்து ஒரு முறை, 2 சதவிகித டி.ஏ.பி. கரைசல் தெளியுங்கள். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.-யை முந்தைய நாளே ஊறவைத்து, தெளிந்த நீரை வடிகட்டி, 200 லிட்டராக்கிக்கொள்ள வேண்டும். முக்கியமாக, உங்கள் கண்டத்து ஆட்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் தெளிக்கப் பேசி வையுங்கள். மாட்டுப் பிரச்னைக்கு அதைவிட நல்ல வேலி இல்லை.

மதுரை: ராத்திரி இட்லியும் காலைப் பருத்திப்பாலும்

மதுரையில் எந்த நேரத்துக்குப் போனாலும் யாராவது எங்காவது இட்லி அவித்துக்கொண்டிருப்பார்கள். ராத்திரி பதினொரு மணிக்குத் தள்ளுவண்டியில், துணி விரித்து அவித்த இட்லியை இலையில் வைத்து நான்கு விதச் சட்னி ஊற்றுவார்கள். சட்னியைக் கவனியுங்கள். தக்காளி மலிவாக இருக்கும் வாரத்தில் காரச் சட்னி சிவப்பாகத் திக்காக இருக்கும். விலை ஏறிய வாரத்தில் அதே சட்னியில் வெங்காயமும் புளியும் கூடிவிடும். சந்தை நிலவரம் தெரிந்துகொள்ள எனக்கு வேறு எதுவும் தேவைப்பட்டதில்லை.

முருங்கைக்காயும் அப்படித்தான். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம்-1 செடி முருங்கை வந்தபின், திண்டுக்கல், தேனிப் பக்கம் முருங்கை பெரும் பயிராகிவிட்டது. பங்குனியிலிருந்து சாம்பாரில் முருங்கைக்காய் தாராளமாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கரண்டி போட்டுத் தேட வேண்டும். கிடைக்காத மாதத்தில் பத்துக் காய் வைத்திருப்பவருக்குத்தான் விலை. மழைக்காலத்தில் ஓரளவாவது காய்க்கும்படி கவாத்து நேரத்தை மாற்றிப் பார்க்கிறவர்கள் இதை அறிவார்கள்.

காலையில் பருத்திப்பால். பருத்திக் கொட்டையை ஊறவைத்து, ஆட்டிப் பால் பிழிந்து, அரிசி மாவு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலக்காய், தேங்காய்ப்பூ சேர்த்துக் காய்ச்சுவது. பஞ்சை மில்லுக்குக் கொடுத்துவிட்டு, மாட்டுக்குப் போடும் கொட்டையிலிருந்து ஒரு பானம் கண்டுபிடித்திருக்கிறார்கள் நம் ஆட்கள். வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: விதைப்புக்காகப் பாக்கெட்டில் வாங்கும் பருத்தி விதையில் பூச்சிக்கொல்லியும் பூசணக்கொல்லியும் கலந்திருக்கும், நிறம் ஏற்றியிருப்பார்கள். மிச்ச விதை ஆயிற்றே என்று அதை அடுப்படிக்கோ மாட்டுத் தொட்டிக்கோ கொண்டுபோகவே கூடாது. அரவை ஆலையிலிருந்து வரும், மருந்து படாத கொட்டைதான் பருத்திப்பாலுக்கு. அதையும் பச்சையாகக் குடிக்காமல், நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும்.

மதுரைக்கு இன்னொரு பெருமை உண்டு. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999-ல் இங்கே அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. விடியற்காலையில் அங்கே போனால், வீட்டுக்கு வாங்குபவர்களோடு சின்ன மெஸ்காரர்களும் பையோடு நிற்பார்கள். அவர்களில் ஒருவர் சொன்னது: “அண்ணே, நமக்குப் பெரிய காய், பளபளப்பான காயெல்லாம் வேணாம். நாளைக்கும் இதே ஆளு, இதே எடத்துல, இதே அளவு காயோட வரணும். அம்புட்டுத்தான்.” கத்தரிக்காய் போடுகிறவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளலாம். தினமும் 15 கிலோ எடுக்கும் மூன்று கடை, வாரத்தில் ஒரு நாள் நல்ல விலை தரும் மண்டியைவிடப் பல நேரம் மேல்.

கோவில்பட்டி: கடலையும் கம்பும்

மதுரையைத் தாண்டித் தெற்கே இறங்கினால் மண் கறுப்பாகிவிடும். எழுத்தாளர் கி.ராஜநாராயணன் பிறந்த இடைசெவல் கோவில்பட்டிக்குப் பக்கத்தில்தான். கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்று அகராதியே தொகுத்தவர். சோற்றுக்கும் கஞ்சிக்கும் கூழுக்கும் வயலுக்கும் இந்த மண்ணில் எத்தனை சொல் புழங்குகிறது என்பது சாப்பிட உட்கார்ந்தால் தெரியும்.

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடலை, வெல்லம், சிட்டிகை ஏலம், சுக்கு. அவ்வளவுதான் பண்டம். கடலையை மணலில் வறுத்து, தோல் நீக்கி, இரண்டாக உடைத்து, முளைக்குருத்தைத் தட்டி எடுத்துவிட்டு, பாகில் போட்டுப் பலகையில் உருட்டி வெட்டுகிறார்கள். கரிசல் கடலைக்கு ஒரு இனிப்பு உண்டு என்று மிட்டாய் போடுகிறவர்கள் சொல்வார்கள். ஊர்ப் பெயரே பண்டத்துக்கு விலை சேர்க்கிறது. அந்தப் பெயருக்குக் காரணமான கடலையை மானாவாரியில் போட்டவருக்கு அதில் ஒரு பங்கு வர வேண்டும் என்றால், அவர் பச்சைக் காயாக விற்காமல், காயவைத்து, உடைத்து, பருப்புத் தரம் பிரித்து விற்க வேண்டும். ஒரு ஆளுக்கு அது முடியாது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தால் ஒரு உடைப்பு இயந்திரம் கட்டுப்படியாகும்.

சாலையோரக் கடைகளில் கோடையில் கம்மங்கூழ், கேப்பைக்கூழ் விற்கிறார்கள். மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும் தொட்டுக்கொள்ள. குதிரைவாலிப் பொங்கலும் சில கடைகளில் போடுகிறார்கள். 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு நகரத்துக் கடைகளிலும் இது நுழைந்துவிட்டது. ஆனால் குதிரைவாலி விளைவிக்கிற வீடுகளில் அதையே விலைக்கு வாங்கிச் சாப்பிடுகிற நிலை இருக்கிறது. காரணம் எளிது. குதிரைவாலி, சாமை போன்றவற்றின் உமியை நீக்க இயந்திரம் வேண்டும். முன்பு உரலில் குத்தினார்கள். இப்போது குத்த ஆளில்லை. தானியமாக மலிவாகப் போய், அரிசியாகப் பல மடங்கு விலையில் திரும்பி வருகிறது. கிராமத்துக்கு ஒரு உமி நீக்கும் இயந்திரம் இருந்தால், விளைந்ததில் ஒரு மூட்டையாவது வீட்டுப் பானைக்குப் போகும். உங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இதைக் கேளுங்கள்.

திருநெல்வேலி: சொதியும் அல்வாவும்

திருநெல்வேலியில் கல்யாணத்துக்கு மறுநாள் போகிறவர்கள்தான் கொடுத்துவைத்தவர்கள். மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதி போடுவார்கள். தேங்காய்ப்பாலில் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், வெந்த பாசிப்பருப்பு, கடைசியில் இஞ்சிச் சாறும் எலுமிச்சையும். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தே ஆக வேண்டும். தேங்காய்ப்பால் மந்தமாக இருக்கும், இஞ்சி அதைச் சரிசெய்யும் என்பது அங்குள்ள பெரியவர்களின் கணக்கு.

செய்முறையில் ஒரே ஒரு நுணுக்கம். ஆறு பேருக்கு இரண்டு தேங்காய் எடுத்து, மூன்று முறை பால் பிழியுங்கள். மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும், இரண்டாம் பாலில் கொதிக்க வேண்டும், முதல் பால் ஊற்றியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். முதல் பால் கொதித்தால் திரிந்துவிடும். நல்ல முற்றிய காய் இல்லாவிட்டால் பால் கெட்டியாக வராது. கடைக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “அண்ணாச்சி, பறிச்ச அன்னைக்கே கொண்டாந்து போடுத தேங்காய வாங்கவே மாட்டேன். ஒரு மாசம் நெழல்ல கெடந்த காய்தான் பாலு குடுக்கும்.” தோப்பு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய பேச்சு இது. முற்றாத காயைச் சேர்த்துப் பறித்து எண்ணிக்கையைக் கூட்டினால், வியாபாரி மொத்தத்துக்கும் விலையைக் குறைத்துவிடுகிறார். 12 மாதம் முற்றிய காயைத் தனியாகப் பிரித்து, நிழலில் வைத்துக் கொடுத்தால், சமையலுக்கு வாங்குபவர் தேடி வருவார்.

அல்வாவைச் சொல்லாமல் நெல்லையைத் தாண்ட முடியாது. நெல்லையப்பர் கோயில் எதிரே சாயங்காலம் இருட்டுக்கடை திறக்கும்போது நிற்கிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டுவது. யோசித்துப் பாருங்கள். கோதுமை நெல்லையில் விளைவதில்லை. நெய்யும் சர்க்கரையும் எங்கும் கிடைப்பவை. எங்கேயோ விளைந்த தானியத்தை வைத்து, கைப்பக்குவத்தாலும் தாமிரபரணித் தண்ணீராலும் ஒரு ஊர் பெயர் வாங்கிவிட்டது. நம் வயலிலேயே விளையும் அம்பை 16 குண்டு நெல்லுக்கு அப்படியொரு பெயரை நாம் இன்னும் வாங்கித் தரவில்லை. புட்டுக்கும் இட்லிக்கும் ஏற்ற அரிசி அது. விற்கும்போது ‘நெல்லு’ என்று மட்டும் சொல்லி விற்கிறோம்.

நாகர்கோவில்: ஒரு பிடி, ஒன்பது காய்

ஆரல்வாய்மொழி தாண்டியதும் காற்று மாறும், சமையலும் மாறும். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த மாவட்டம். சாப்பாட்டில் மலையாள வாசம் இன்றும் போகவில்லை. எரிசேரி, புளிசேரி, துவரன், நேந்திரங்காய் உப்பேரி. மதியச் சாப்பாட்டுக்குப் பின் மட்டிப்பழம் வைப்பார்கள். விரல் நீளப் பழம். தோலை உரித்ததும் மணம் வரும். கன்னியாகுமரி மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு 2023-ல் வந்தது.

எனக்கு இங்கே பிடித்தது அவியல். சேனை, வாழைக்காய், முருங்கைக்காய், வெள்ளரி, புடலை, பூசணி, கத்தரி, அவரை, பயறு என்று எல்லாம் ஒவ்வொரு பிடி. தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்துச் சேர்த்து, தயிரோ மாங்காயோ போட்டு, பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் மேலே. கடையில் காய் வாங்கி அவியல் செய்தால் செலவு கையைக் கடிக்கும். ஒன்பது காயிலும் கால் கிலோவாவது வாங்க வேண்டும்; பாதி மிஞ்சி வாடும். இது வீட்டைச் சுற்றித் தோட்டம் வைத்திருந்தவர்கள் கண்டுபிடித்த சமையல். கொல்லையில் ஒரு முருங்கை, இரண்டு வாழை, வேலியில் அவரை, கூரையில் பூசணி, தென்னைக்கு அடியில் சேனை. போய் ஆளுக்கொன்று பறித்து வந்தால் அவியல்.

குமரியில் இன்றும் பல வீடுகளில் அந்தத் தோட்டம் இருக்கிறது. மற்ற மாவட்டங்களில் 5 ஏக்கர் வைத்திருக்கும் வீட்டிலும் கறிவேப்பிலைக்குக் கடைக்கு ஓடுகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். 2 சென்ட் இடமும், பாத்திரம் கழுவிய தண்ணீரும் போதும். இலைக்கும் இடம் கொடுங்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டும் தாளும் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பிறகு, சின்னக் கடைகள் வாழை இலைக்குத் திரும்பியிருக்கின்றன. இலைக்குப் பூவன் நன்றாக வரும். வாய்க்கால் ஓரத்தில் இருபது மரம் நின்றாலும், பக்கத்துக் கடைக்கு வாரம் இரண்டு கட்டு கொடுக்கலாம்.

நீங்கள் செய்து பார்க்க

ஐந்து ஊரிலும் இலையில் கண்டதை நம் வேலைக்கு ஆகும்படி சுருக்கிச் சொல்கிறேன்.

1. உங்கள் ஊரிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் சைவ மெஸ், டிபன் கடைகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றும் வாரத்துக்கு எத்தனை கிலோ அரிசி, உளுந்து, தேங்காய், காய் வாங்குகிறது என்று கேளுங்கள். ஒரு நோட்டில் எழுதினால் ஒரே நாளில் உங்கள் பக்கத்துச் சந்தை கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

2. உளுந்தை அறுவடை முடிந்த வாரத்திலேயே மொத்தமாக விற்றுவிடாதீர்கள். கடைக்காரர் கேட்பது வருடம் முழுக்கக் கிடைக்கும் சரக்கு. ஈரப்பதம் 10 சதவிகிதத்துக்குக் கீழே வரும்வரை காயவைத்து, காற்றுப் புகாமல் வையுங்கள். முழுப் பயறில் வண்டு ஏறும். உடைத்த பருப்பில் அவ்வளவாகப் பெருகாது. வண்டு நடமாட்டத்தை முன்கூட்டியே அறிய, வேளாண் பல்கலைக்கழகம் வடிவமைத்த பூச்சிப் பொறிகள் கிடைக்கின்றன. உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.

3. மாவாகவோ பருப்பாகவோ பாக்கெட் போட்டு விற்க நினைத்தால், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துவிட்டுத் தொடங்குங்கள். மகளிர் குழுவாகச் செய்தால் அரவை இயந்திரத்துக்கு உதவி கேட்கவும் வசதி.

4. வீட்டில் ஒரு நோட்டுப் போட்டு, உங்கள் அம்மா, மாமியார் செய்யும் பத்துப் பதார்த்தங்களை அளவோடு எழுதி வாங்குங்கள். ‘கண் அளவு, கை அளவு’ என்பார்கள், விடாதீர்கள். கை அளவைத் தராசில் போட்டு எழுதுங்கள். எந்த அரிசி, எந்தப் பருப்பு, எந்த மாதத்துக் காய் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நம் ஊரில் எது விளைந்தது என்பதற்கு அதைவிட நம்பகமான பதிவேடு எங்கள் அலுவலகத்திலும் இல்லை.

கும்பகோணத்து மெஸ் அக்கா என்னிடம் கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “மாசம் 40 கிலோ நம்ம ஊர் உளுந்து, பன்னண்டு மாசமும் குடுக்க யாராவது இருக்காங்களா சார்? வெல பத்து ரூவா கூட ஆனாலும் பரவால்ல.” 40 கிலோ பருப்பு, 12 மாதம். ஏறக்குறைய மூன்றரை ஏக்கர் தரிசு உளுந்து. நான்கு விவசாயிகள் சேர்ந்தால் முடிகிற காரியம். தை மாதம் வருகிறது. சம்பா வயலில் ஈரம் இருக்கும்போதே அந்த நான்கு பேரும் ஒரு நாள் உட்கார்ந்து பேசிவிடுங்கள். விதை, ரகம், தெளிக்கும் நாள் பற்றிச் சந்தேகம் இருந்தால், கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.